பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்

யாரும் கேட்காத ஒன்றை லேப்டாப்பில் லிங்கர் தேடிக்கொண்டிருந்தது. மாலை நாலே கால் மணிக்குத்தான் ஜெபஷீலா அதைக் கவனித்தாள். பதினொன்றாவது முறையாக ஓடவிட்ட பில்டு, அதாவது நிரலைக் கட்டும் வேலை, பாதியில் நின்றுவிட்டது. திரையின் அடியில் சிவப்பாக ஒரே ஒரு வரி: இந்த லைப்ரரி கிடைக்கவில்லை. எந்த லைப்ரரி என்று பெயரைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை படித்தாள். ஆங்கில எழுத்தில் இம்மானுவேல் என்று இருந்தது.

இம்மானுவேல் அவள் புருஷன். கட்டிக்கொண்ட ஆறு வருடத்தில் எத்தனையோ விளையாட்டுக் காட்டியிருக்கிறான். போன பிறந்தநாளுக்கு அவள் லேப்டாப்பின் கடவுச்சொல்லை மாற்றிவைத்து அரைநாள் அலையவிட்டான். இதுவும் அந்த ரகம்தான் என்று பல்லைக் கடித்தாளே தவிர, அப்போது அவளுக்குப் பயம் வரவில்லை.

உத்தமபாளையத்தில் உரக்கடைக்கு மேலே இருந்த மாடிவீட்டின் முன்னறைதான் அவளுக்கு ஆபீஸ். ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கீழே நனைந்த சாக்குகளிலிருந்து கிளம்பிய யூரியா நெடி படிக்கட்டு வழியாக ஏறி வந்து அறைக்குள் குடியேறியிருந்தது. இன்வெர்ட்டர் ஒரே சுதியில் முனகியது. அடுக்களையில் மாமியார் அன்னத்தாய் வெங்காயம் வதக்கிக்கொண்டே கீர்த்தனை ஒன்றை வாய்க்குள் மென்றுகொண்டிருந்தாள்.

தேனியில் ராஜபாண்டி நடத்திய சின்னக் கம்பெனி, திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரு பெட்டி செய்து விற்றது. கரண்ட் வந்தால் பெட்டி தோட்டக்காரரின் போனைக் கூப்பிட்டுச் சொல்லும். அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. அதற்கு நிரல் எழுதுவது ஷீலா. பெட்டியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் மாட்டுவது இம்மானுவேல். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க முந்நூறு பெட்டிகளுக்குப் புது நிரல் போயாக வேண்டும் என்று ராஜபாண்டி கெடு வைத்திருந்தார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. போர்டு ஓர் இனம், ஷீலாவின் லேப்டாப் வேறு இனம். ஒன்றுக்குக் கட்டிய நிரல் மற்றதில் ஓடாது. போர்டிலேயே வைத்துக் கட்டலாமென்றால் அந்தப் பொடிசுக்கு அவ்வளவு பலமில்லை. ஆகவே லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு போர்டுக்காகக் கட்ட வேண்டும். போர்டுக்குள் இருக்கும் கோப்புகள் அத்தனையையும் அச்சு அசலாகக் காப்பி எடுத்து லேப்டாப்பில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, ‘நீ இருப்பது லேப்டாப்பில் இல்லை, அந்தப் போர்டுக்குள், உனக்கு உலகம் இவ்வளவுதான்’ என்று, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை நம்பவைப்பார்கள். அந்தக் காப்பிக்கு சிஸ்ரூட் என்று பெயர். நிரலின் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது லிங்கரின் வேலை. தனக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, அது வரிசைப்படி ஒவ்வோர் இடமாக எட்டிப் பார்த்துத் தேடும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். வழி தவறி லேப்டாப்பின் சொந்த இடங்களுக்குள் நுழைந்துவிட்டால், அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தாலும் தொடாது. ‘பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நடையைக் கட்டும். ரோஷக்காரப் பிறவி.

சிஸ்ரூட்டைப் புதிதாக வந்த சுத்தமான போர்டிலிருந்து எடுப்பதுதான் முறை. ராஜபாண்டி கேட்டால்தானே! அவர் பிறந்து வளர்ந்தது திராட்சைத் தோட்டத்தில். நன்றாகக் காய்த்த கொடியாகப் பார்த்துக் குச்சி வெட்டி நட்டுப் பழகிய மனுஷன், ராசியில்லாத கொடியில் கத்தியே வைக்க மாட்டார். கூடலூரில் கருத்தக்கண்ணன் தோட்டத்துப் போர்டு மூன்று வருடமாக ஒருநாள்கூட நிற்காமல் ஓடியது. “அதுதாம்மா ராசியான போர்டு. அங்கன இருந்தே குச்சி வெட்டு” என்றார். ஷீலாவும் சிரித்துக்கொண்டு சரி என்றாள். ஒன்பது நாளைக்கு முன்னால் இம்மானுவேல் அங்கே போய், கிணற்றை ஒட்டிய பம்பு ரூமில் குந்தி, போர்டைக் கழற்றாமல் இருந்த இடத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொண்டு வந்தான். நாற்பது நிமிட வேலை. இரண்டு மணிநேரம் பிந்தி வீடு வந்தான்.

ஷீலா போனை எடுத்தாள்.

“ஏங்க, என் லேப்டாப்புல கை வச்சீகளா?”

“நானா? எதுக்கு?”

“பில்டுக்குள்ள ஒங்க பேரு கெடக்கு.”

“என் பேரா? நல்லாருக்கே.” சிரித்தான். பின்னால் பஸ் ஹாரனும் கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தமும் கேட்டன. “நான் கம்பத்துல, சிக்னல்கிட்ட டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறேன். புதுப்பட்டியில ஒரு பெட்டி மாட்டணும். ஆறு மணிக்குள்ள வந்துருவேன், அம்மாட்டச் சொல்லிரு.”

லிங்கர் எங்கெங்கே தேடியது என்பதை வரிவரியாகச் சொல்லவைக்கும் வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டு மறுபடி ஓடவிட்டாள். முதல் எட்டு வரிகள் வழக்கமானவை. ராசியான காப்பிக்குள் எட்டு இடங்கள், எட்டிலும் இல்லை. அதோடு வரிசை முடிந்திருக்க வேண்டும். ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது.

கம்பம், சிக்னல், டீக்கடை: பெயர் இருக்கிறது. பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்.

பத்தாவது வரி அதற்குக் கீழே.

கூடலூர், பம்பு ரூம்: திறக்க முடியவில்லை.

அடுக்களையில் வதக்கும் சத்தம் நின்றிருந்தது. மழை தகரத்தில் விழுவதும், கீழே யாரோ மூட்டையை இழுப்பதும், தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதும் ஷீலாவுக்குத் தனித்தனியாகக் கேட்டன. போன மாதம் சண்டை போட்டு வேலையை விட்டுப் போன சூரியபிரகாஷின் முகம் முதலில் நினைவுக்கு வந்தது. அவனுக்கு இந்த வேலை தெரியும், வன்மமும் உண்டு. ஆனால் இம்மானுவேல் இந்த நிமிடம் டீ குடிப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் தெரிந்த ஒரே ஆள் இம்மானுவேல்தான். அவன்தான் தன் போனை இதோடு இணைத்து ஏதோ செய்திருக்கிறான். செய்துவிட்டு இல்லையென்று சாதிக்கிறான். எதற்காக?

கோப்புகளைக் கிளறினாள். அந்தப் பெயரைக் கேட்டது அவள் எழுதிய எதுவுமில்லை. ராசியான காப்பிக்குள், மூலையில் கிடந்த சின்னக் கோப்பு ஒன்று. அது உருவான தேதி ஒன்பது நாளைக்கு முந்தையது. நேரம் மதியம் ஒன்று நாற்பது. இம்மானுவேல் அந்த ரூமுக்குள் குந்தியிருந்த நேரம்.

ராஜபாண்டியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அந்த ராசியான போர்டுல வேற யாரும் கை வச்சாகளா?”

“ஒருத்தரும் தொடல தங்கச்சி. இம்மானு காப்பி எடுத்த அன்னிக்கே கருத்தக்கண்ணன் ரூமப் பூட்டிட்டுப் பெரியகுளத்துக்கு மக வீட்டுக்குப் போயிட்டாக. இன்னிக்குத்தான் திரும்பி வந்திருப்பாக.”

“அப்ப ஒம்பது நாளா பூட்டியா கெடக்கு?”

“ஆமா. பக்கத்துத் தோட்டத்துக்காரருதான் போனப் போட்டு உசுர வாங்குறாரு. ரூமுக்குள்ள இருந்து யாரோ கதவத் தட்டுறாகளாம். எலியா இருக்கும்னேன்.”

“எலி கதவத் தட்டுமாண்ணே?”

“பில்டு முடிஞ்சிச்சா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல.”

போனை வைத்தபின் ஷீலா அந்த ஒன்பது நாட்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கூடலூரிலிருந்து வந்த அன்று அவன் சட்டையில் கிணற்றுப் பாசியின் வாடை இருந்தது, துவைத்தும் போகவில்லை. ஆறு வருடமாக வாசல் பக்கம் பார்த்துப் படுக்கிறவன் அன்றிலிருந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றான். கேட்டதற்கு வயசாகுதுல்ல என்றான். முந்தாநாள் சவரம் செய்யும்போது, பாதி முகத்தில் நுரையோடு, கண்ணாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. மனுஷர்கள் பொய் சொல்லி அவள் பார்த்திருக்கிறாள். லிங்கர் பொய் சொல்லிப் பார்த்ததில்லை. பெயர் இருக்கிறது, பொருந்தவில்லை என்று அது சொல்கிறது. தன்னோடு ஒன்பது நாளாக ஒரே பாயில் படுப்பது யார் என்ற கேள்வி மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பி விரட்ட அவளால் முடியவில்லை.

தோட்டக்காரர்கள் பட்டியலிலிருந்து கருத்தக்கண்ணனின் நம்பரை எடுத்தாள்.

“அண்ணே, பெட்டிக் கம்பெனியில இருந்து ஷீலா பேசுறேன். இம்மானுவேல் வீட்டுல.”

“சொல்லு ஆத்தா. இப்பத்தான் ஊருல இருந்து வந்து எறங்குனேன்.”

“பம்பு ரூமத் தொறந்து பாக்க முடியுமாண்ணே? போர்டுல ஒரு சந்தேகம்.”

“இந்த மழையிலயா? ரூமுக்குள்ள தண்ணி ஏறிக் கெடக்கும். காலையில பாப்பமே.”

“இல்லண்ணே. இப்பவே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் முனகிக்கொண்டே சம்மதித்தார். ஷீலா பில்டை மறுபடி ஓடவிட்டாள்.

புதுப்பட்டி, மேற்குத் தோட்டம்: பெயர் இருக்கிறது. பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்.
கூடலூர், பம்பு ரூம்: திறக்க முடியவில்லை.

கரண்ட் போனது. உடனே இன்வெர்ட்டரின் முனகல் ஒரு படி ஏறியது. வெளிச்சம் மங்கிவிட்டது. அன்னத்தாய் டீ கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, “மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு, என்னத்தா?” என்றாள். ஒன்றுமில்லை அத்தை என்றாள் ஷீலா. டீயின்மேல் ஆடை படிந்தது. அவள் தொடவில்லை. ஐந்தே முக்காலுக்கு மறுபடி ஓடவிட்டாள்.

அனுமந்தன்பட்டி, மெயின் ரோடு: பெயர் இருக்கிறது. பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்.

வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். இன்னும் நாலைந்து கிலோமீட்டர்.

பத்தாவது வரி எழுதப்படாமல் நின்றது. கர்சர் துடித்தது. பிறகு வந்தது.

கூடலூர், பம்பு ரூம்: திறந்திருக்கிறது. கிடைத்தது.

போன் அடித்தது.

“ஆத்தா!” கருத்தக்கண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “ஒன் வீட்டுக்காரரு இங்கன இருக்காரு ஆத்தா!”

“எங்கன?”

“ரூமுக்குள்ள. மொழங்காத் தண்ணியில, மூலையில நிக்கிறாரு. ஒம்பது நாளு! நாந்தான் பாக்காமப் பூட்டிட்டேன் போலருக்கு. பாவி நானு. சோறு தண்ணியில்லாம எப்பிடி… அதே நீலச் சட்ட. தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேங்கிறாரு. ஒன் பேர மட்டும் சொல்றாரு.”

“அண்ணே, நல்லாப் பாத்தீகளா? அவருதானா?”

“எனக்கு ஆளு தெரியாதா? மூணு வருசமா வந்து போற புள்ள. நம்ம செல்லப்பாண்டி எஸ்டேட்டுக்கு ஆளு எறக்கிட்டுச் சும்மாத்தான் நிக்கிறான். அவன் ஜீப்புல ஏத்தி அனுப்புறேன். முக்கா மணி நேரத்துல வந்துருவாக.”

ஷீலா எழுந்து பீரோவைத் திறந்தாள். நீலச் சட்டை மடித்து அங்கே இருந்தது. அவளே துவைத்து, அவளே மடித்தது. முகர்ந்தாள். பாசி வாடை. கையிலிருந்து உதறினாள். சட்டையையும் நம்ப முடியவில்லை.

படிக்கட்டின் தலைமாட்டில் இருந்த இரும்புக் கிரில்லை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.

“எதுக்குத்தா பூட்டுற? இம்மானு வர்ற நேரம்” என்றாள் அன்னத்தாய்.

“வரட்டும்.”

பைக் சத்தம். கடை வாசலில் நின்றது. படியில் காலடிகள். பதினெட்டுப் படி. ஷீலா எண்ணினாள்.

மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்ட, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, கிரில்லுக்கு அந்தப் பக்கம் இம்மானுவேல் வந்து நின்றான். இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் முகம் மஞ்சளாக இருந்தது.

“தொற ஷீலா. தொப்பலா நனஞ்சிட்டேன்.”

அவள் நகரவில்லை.

“நீங்க யாரு?”

“இதென்ன கேள்வி?”

“போடியில என்னய மொதல்ல எங்கன பாத்தீக?”

“ஒங்கப்பா கடையில. ஆணி வாங்க வந்தேன். ஒரு கிலோ கேட்டேன், நீ தடுமாறி ரெண்டு கிலோ போட்டுக் குடுத்த.” சிரிக்கப் பார்த்தான். “என்ன ஆச்சு ஒனக்கு?”

சரியான பதில். தவறாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காப்பிக்கும் எல்லாம் தெரியும் அல்லவா? அச்சு அசலாக எடுத்ததுதானே காப்பி.

“ஒங்களக் கூடலூர்ப் பம்பு ரூம்ல கண்டுபிடிச்சிருக்காக. ஒம்பது நாளா அங்கனதான் இருக்கீக. ஜீப்புல வந்துக்கிட்டு இருக்கீக.”

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மழை கம்பிகளுக்கு இடையே தெறித்தது.

“அந்த ரூம்லயா?” என்றான் மெதுவாக. “ஷீலா, அன்னிக்கு ஒண்ணு நடந்துச்சு. நீ பயந்துருவன்னு சொல்லல. காப்பி ஓடிக்கிட்டு இருக்கும்போது யாரோ என் தோள்மேல சாஞ்சு ஸ்கிரீனப் பாத்தாக. மூச்சு காதுல பட்டுச்சு. திரும்புனா ஆளில்ல. வெளிய வந்து ரெண்டு மணிநேரம் கெணத்து மேட்டுல நடுங்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அதுல இருந்து கண்ணாடியப் பாத்தாக்கூடக் கூச்சமா இருக்கு.”

“ஒம்பது நாளா ஏன் சொல்லல?”

அவன் குனிந்து கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தான். ஷீலாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்னத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “என் மவன் நனையிறான். சாவியக் குடு ஆத்தா! கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

“அது ஒங்க மவன் இல்ல அத்தை.”

“பெத்தவளுக்குத் தெரியாதா? குடு!”

ஷீலா சாவியை உள்ளங்கையில் நகம் பதியப் பொத்திக்கொண்டாள். கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். அன்னத்தாய் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இம்மானுவேல் கையை நீட்டி, எட்டாமல், இழுத்துக்கொண்டான்.

“அம்மா, அழுவாத. ஷீலா, நீயும் பயப்படாத. நானே அங்கன போயி யாரு இருக்கான்னு பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் கதவத் தொறக்காத. யாரு வந்தாலும். சரியா?”

பதினெட்டுப் படியும் இறங்கினான். பைக் கூடலூர்ப் பக்கம் போனது.

ஏழு மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது. ஹாரன் இரண்டு முறை. ஷீலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செல்லப்பாண்டி ஓட்டும் சீட்டைவிட்டு இறங்காமல் தலையை மட்டும் நீட்டினான்.

“அக்கா, ஆளு வந்துட்டாக. வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. ஜீப்புக்குள்ள மழை இல்லக்கா, ஆனா சீட்டு நனஞ்சுக்கிட்டே இருக்கு.”

படியில் காலடிகள். நின்று நின்று. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சொத்தென்று விழுந்தது. நீலச் சட்டை. ஒன்பது நாள் தாடி. அவன் முகம். அவனேதான். கம்பியைப் பிடித்த விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. “ஷீலா” என்றது. “ஷீலா.”

இவனை இருட்டிலும் தண்ணீரிலும் தவிக்கவிட்டு, இங்கே வேறு எதற்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு அழுகை பொங்கியது. பூட்டைத் திறந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள்.

அன்னத்தாய் எழுந்து வந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை.

“இது ஆரு?” என்றாள்.

“ஒங்க மவன் அத்தை.”

“இல்ல.”

துண்டு ஊறிவிட்டது. பிழிந்தாள். மறுபடி துவட்டினாள். முடி காயவில்லை. வேறு துண்டு. அதுவும் ஊறியது. முடியின் வேரிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. குளிரும் இல்லை. அது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளும் திரும்பிப் பார்த்தாள். லிங்கர் தைத்து முடித்திருந்தது. பில்டு வெற்றி என்று பச்சை எழுத்தில் நின்றது. அதற்கு மேலே பத்து வரிகள். ஒன்பதாவதையும் பத்தாவதையும் சேர்த்துப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை. தினமும் செய்கிற வேலை. லிங்கர் யாருக்காகத் தேடியது? இந்த வீட்டுக்காகவா? அந்தக் காப்பியை உலகம் என்று நம்பவைத்து ஓடவிட்டவள் அவள்தானே. அது தேடியது அந்த இடத்துக்குப் பொருந்துகிற ஒன்றை. கிணற்றடி ரூமுக்குப் பொருந்துகிறதை. இந்த உலகத்து மண்ணில், இந்த உலகத்துச் சோற்றில் ஆன எதைக் கண்டாலும் அது பொருந்தவில்லை என்றுதான் சொல்லும். தாண்டித்தான் போகும்.

டீக்கடையில் நின்றவன் அவள் புருஷன். மழையில் நின்றவன் அவள் புருஷன்.

துண்டு கையிலிருந்து விழுந்தது.

போனை எடுத்தாள். இம்மானுவேல் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. திரையில் அசைவு தெரிந்தது. அவள் எதையும் தொடவில்லை. கிடைத்த லைப்ரரிக்கு வேறு லைப்ரரிகள் தேவைப்பட்டால் லிங்கர் அவற்றையும் தேடும். ஒன்று இன்னொன்றைக் கேட்கும். அது கேட்டுவிட்டது.

அன்னத்தாய்.
உத்தமபாளையம், வீடு: பெயர் இருக்கிறது. பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்.
கூடலூர், பம்பு ரூம்: கிடைத்தது.

ஜெபஷீலா.
உத்தமபாளையம், வீடு: பெயர் இருக்கிறது. பொருந்தவில்லை, தாண்டிப் போகிறேன்.
கூடலூர், பம்பு ரூம்: கிடைத்தது.

போன் அவள் கையில் அதிர்ந்தது. கருத்தக்கண்ணன்.

“ஆத்தா, ஒண்ணும் புரியல. ஜீப்புல ஏத்தி அனுப்புனவரு பைக்குல வந்து நிக்கிறாரு! ரூமுக்குள்ள வேற ரெண்டு பொம்பளக் குரலு கேக்குது. ஒண்ணு வயசானது. ஷீலா கூப்புடுறா, அம்மா கூப்புடுறான்னு சொல்லிக்கிட்டே உள்ள போறாரு…”

“விடாதீக! அண்ணே, அவரப் பிடிங்க! நான் இங்கன இருக்கேன்! நான் வீட்டுல இருக்கேன்!”

மழை. தண்ணீரை அளைந்துகொண்டு நடக்கும் சத்தம். “ஷீலா, எங்கன இருக்க?” என்று தூரத்தில் இம்மானுவேலின் குரல். இரும்புக் கதவு ஒன்று சாத்தியது. பிறகு குரல் எதுவும் இல்லை. கருத்தக்கண்ணனின் கையிலிருந்து யாரோ போனை வாங்கினார்கள். காதோரம் ஈரமான மூச்சு.

“ஹலோ” என்றது ஷீலாவின் குரல். அவள் போனில் பேசும்போது வருகிற அதே குரல், அதே சின்ன இருமலோடு. “செல்லப்பாண்டி தம்பிகிட்டச் சொல்லிருங்க. ஜீப்பத் திருப்பி இங்கன எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நானும் அத்தையும் வீட்டுக்கு வரணும்.”

கீழே தெருவில் ஜீப் கிளம்பித் தெற்கே, கூடலூர்ப் பக்கம் திரும்பியது. அன்னத்தாய் சுவரோடு ஒட்டி நின்றாள். நாற்காலியில் இருந்தது எழுந்தது. தரையெல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டே நடந்துபோய்க் கிரில்லைச் சாத்தியது, பூட்டியது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டது. பிறகு, வீட்டார் வருகைக்குக் காத்திருக்கும் மனுஷனைப் போல, படிக்கட்டைப் பார்த்தபடி நின்றது.